மீசையில் மண்

செவ்வாய்க்கிழமை, இரவு எட்டே கால்.
டயர்க் கடையின் மாடியில் எங்கள் ஜூடோ அறை.
நாங்கள் வேர்ப்பதற்கு முன்பே
ரப்பர் வாசனை வந்து உட்கார்ந்திருக்கும்.

பயிற்சி முடிந்ததும் வட்டமாய் அமர்வோம்.
ஆளுக்கொரு செய்தி.
பெரிதாய் இருக்கவேண்டியதில்லை,
நடந்திருந்தால் போதும்.

நெரிஸுக்குப் பச்சை பெல்ட்.
இடுப்பில் கட்டாமல் மடியில் வைத்திருந்தாள்,
நேற்றுப் பிறந்த எதையோ போல.
பள்ளிப் பேருந்து ஓட்டும் கெத்தின்,
நூற்றுப் பன்னிரண்டு கிலோ ஹவெலைத்
தூக்கி எறிந்துவிட்டானாம்.
‘நானும் கொஞ்சம் எம்பினேன்’ என்றான் ஹவெல்.
டெலித்துக்கு முழங்கால் அறுவை முடிந்து பதினான்கு வாரம்;
மண்டியிட்டு வணங்க இன்று முடிந்தது.
யாரும் கைதட்டவில்லை.
ஹவெல் மூக்கைச் சிந்தினான்.

என் முறை.
எட்டு மாதமாய் அதே மஞ்சள்.
இரவெல்லாம் ரொட்டித் தொழிற்சாலை, பகலில் உறக்கம்,
இடையில் கிடைப்பது இந்த இரண்டு மணி நேரம்.
எறிய வந்துவிட்டது. விழத்தான் வரவில்லை.
தரை நெருங்கும்போது
கை தானாய் நீண்டு எதையாவது பற்றப் பார்க்கிறது:
காற்றை, கதவை, கெத்தினின் காலரை.
‘அடுத்த வாரம்’ என்றேன்.
போன வாரமும் அதைத்தான் சொன்னேன்.

ஞாயிறு, சேற்றோட்டம்.
வேல்ஸில் மழையை அழைக்க வேண்டியதில்லை;
எம்ரிஸின் ஆட்டு நிலம்
மூன்று நாள் மழையை முன்பணமாய் வாங்கிக்கொண்டு
ஏழு கிலோமீட்டருக்குப் படுத்திருந்தது.
கட்டணம் மலை மீட்புப் படைக்கு.
நெஞ்சில் எண் குத்தினோம். என்னுடையது இருநூற்றெட்டு.
முதல் வேலியிலேயே அது போயிற்று.

சேற்றில் எல்லோரும் ஒரே நிறம் என்று
எழுதத் தோன்றும்.
பொய்.
மேல் வயலில் அது செங்கல் சிவப்பு,
ஓடையோரம் கருப்பு,
தொழுவத்தருகே என்ன நிறமென்று கேட்காதீர்கள்.
எவர் எங்கே விழுந்தார் என்பதை
முதுகைப் பார்த்தே படித்துவிடலாம்.

கயிற்றுச் சுவரில் ஹவெல் மாட்டிக்கொண்டான்.
கீழே நான்கு பேர் தள்ள, மேலே இருவர் இழுக்க,
அரிசி மூட்டையாய் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான்.
டெலித் ஓடவில்லை.
ஆறாவது கேட்டருகே தண்ணீர் நீட்டியபடி
எங்கள் பெயர்களைக் கத்தினாள்,
ஊருக்குத் தெரியக்கூடாத பட்டப்பெயர்களையும் சேர்த்து.

ஐந்தாவது கிலோமீட்டர். சரிவு.
புதைத்து வைத்த டயரில் குதிகால் வழுக்கியது.
யானைக்கும் அடி சறுக்குமாம்.
நான் யானையும் இல்லை,
அதையெல்லாம் நினைக்க நேரமும் இல்லை.
வானம் காலடிக்குப் போனது.

கை நீளவில்லை.
மோவாய் மார்பில் ஒட்டிக்கொண்டது,
முதுகு உருண்டது,
உள்ளங்கை பட்டென்று சேற்றை அறைந்தது,
மூச்சு தன் பாட்டுக்கு வெளியே போனது.
அவ்வளவுதான்.
எங்கும் வலிக்கவில்லை.
சிறிது நேரம் அப்படியே கிடந்தேன்,
எழுந்தால் மறந்துவிடுமோ என்று.

பார்த்தவர்கள்:
ஒரு செம்மறி,
முதலுதவிக் கூடாரத்துப் பையன் ஒருவன்.
நான் அறைந்த சேறு அவன் தேநீருக்குள்.
‘அடிபட்டதா?’
‘இல்லை. சரியாக விழுந்தேன்.’
அவன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான்.

பின்னால் வந்த கெத்தினிடம்
‘பார்த்தாயா?’ என்றேன்.
‘எதை?’ என்று திரும்பியவன்
அதே டயரில், அதே சரிவில், குப்புற.
எழுந்து சொன்னான்: ‘வேண்டுமென்றேதான்.’
மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே,
அவன் மீசை முழுக்க மண்.
பல்லிலும் கொஞ்சம்.

செவ்வாய்க்கிழமை.
ஹவெல் என்னை எறிந்தான்.
கை நீண்டது, மறுபடியும்,
யாருடைய காலரையோ தேடி.

ஆனாலும் வட்டத்தில் சொன்னேன்:
ஐந்தாவது கிலோமீட்டர், வலப்பக்கச் சரிவு,
ஒரே ஒரு முறை.
சாட்சி உண்டா என்றான் கெத்தின்.
செம்மறியைச் சொன்னேன்.

டெலித் நோட்டைத் திறந்து தேதி போட்டாள்,
என் பெயர் எழுதினாள்,
பேனாவை உயர்த்திப் பிடித்துக்
கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டாள்:
‘எந்த ஆடு?’